மூட்டு நோவுக்கு எது ஆகாது? பாமசி மேசையில் கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துச் சின்ன டவுன் ஒன்றில் பாமசி மேசைக்குப் பின்னால் நிற்கத் தொடங்கிப் பதினைந்து வருஷம் ஆகிறது. மே மாதம் மழை பிடித்தால் செப்டம்பர் வரைக்கும் எங்கள் பக்கம் ஈரம் காயாது. அந்த மாதங்களில் கடைக்குள் வருகிறவர்கள் நிறையப் பேர் முழங்காலைத் தடவிக்கொண்டேதான் படியேறுவார்கள். மருந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, இறங்குவதற்கு முன் திரும்பி நின்று ஒரு கேள்வி: "மிஸ், சாப்பாட்டுல எது ஆகாது?"

நான் டொக்டர் இல்லை. டொக்டர் எழுதிய துண்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். ஆனால் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு யூரிக் அமில வாதம், அம்மாவுக்கு முழங்கால் தேய்வு, சின்னம்மாவுக்கு முடக்குவாதம். மூன்று பேருக்கும் ஒரே அடுப்பில் சமைத்துப் பழகியவள் என்பதால் கொஞ்சம் தைரியமாகப் பதில் சொல்வேன். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

மூட்டு நோவுக்கு ஆகாத சாப்பாடு எதெதுன்னு ஒரு லிஸ்ட் எழுதிக் குடுங்க மிஸ்.

எந்த நோவு என்று தெரியாமல் எழுத முடியாது. மூட்டு நோவு என்பது ஒரே நோயின் பெயர் இல்லை. நூறுக்கு மேற்பட்ட நோய்களில் மூட்டு நோகும். நம் பக்கம் அடிக்கடி பார்ப்பது மூன்று.

ஒன்று, தேய்வு. தேயிலைக் கொழுந்துச் சுமையோடு வருஷக்கணக்காகச் சரிவில் ஏறி இறங்கிய முழங்காலுக்கு வருவது பெரும்பாலும் இதுதான். காலையில் எழும்பும்போது விறைப்பாக இருக்கும், அரை மணிக்குள் விட்டுவிடும். நடந்தால் நோகும், உட்கார்ந்தால் ஆறும்.

இன்னொன்று முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைப் பகையாக நினைத்துத் தாக்குகிற நோய். இரண்டு கையிலும் விரல் மூட்டுகள் ஒரே மாதிரி வீங்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் நிற்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது.

மூன்றாவது யூரிக் அமில வாதம். டொக்டர்மார் கவுட் என்பார்கள். நல்லபடியாகப் படுத்த மனுஷன் நடுச்சாமத்தில் கால் பெருவிரல் எரிந்து எழும்புவார். போர்வை பட்டாலும் தாங்காது.

சாப்பாட்டுக்கும் நோவுக்கும் நேரடிக் கணக்கு இருப்பது இந்த மூன்றாவதில். மற்ற இரண்டிலும் சாப்பாடு சுற்றுவழியில்தான் வந்து சேர்கிறது: உடல் எடை வழியாக, குடிக்கிற மருந்து வழியாக, சீனி, உப்பு வழியாக. ஒருவருக்கு டொக்டர் நிறுத்தச் சொன்னதை லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், உள்ள எல்லா வீடும் நிறுத்திவிடுவதில்தான் நம் பக்கத்துக் குழப்பம் தொடங்குகிறது.

தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி கால் பெருவிரல் வீங்கிருச்சு. யாரோ கண்ணு வச்சுட்டாங்கன்னு வீட்டுல சொல்றாங்க.

எங்கள் அப்பாவுக்கும் முதல் தடவை இப்படித்தான். பகலில் ஆட்டிறைச்சியும் ஈரலும், ராத்திரி சித்தப்பாமாரோடு பியர். மறுநாள் இரவு செருப்புப் போட முடியவில்லை. அம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். ஒரு வாரத்தில் வீக்கம் இறங்கியதும் சுற்றிப் போட்டதால்தான் என்று முடிவாகிவிட்டது. கவுட் வீக்கம் மருந்தில்லாமலே ஒன்றிரண்டு வாரத்தில் இறங்கக்கூடியது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. தானாக இறங்குவதால்தான் பலர் வருஷக்கணக்கில் வைத்தியசாலைப் பக்கம் போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

நடப்பது இதுதான். பியூரின் என்ற பொருள் சிதைந்து யூரிக் அமிலம் ஆகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு நம் உடம்பே உண்டாக்குவது, ஏறத்தாழ ஒரு பங்குதான் சாப்பாட்டால் வருவது. சிறுநீரகம் வெளியேற்றியது போக இரத்தத்தில் ஒரு டெசிலீட்டருக்கு 6.8 மில்லிகிராமுக்கு மேல் தேங்கினால் கரையாமல் ஊசி ஊசியாகப் படிகம் கட்டும். குளிரில் இன்னும் சுலபமாகக் கட்டும். உடம்பில் சீக்கிரம் குளிர்கிற இடம் கால் விரல். நுவரெலியாவில் ஜனவரி உறைபனியில் வெறுங்காலோடு நடக்கிறவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஈரல், மண்ணீரல், சிறுநீரகம், குடல் இவற்றில் பியூரின் மிக அதிகம். கவுட் என்று உறுதியானவர் இவற்றை விட்டுவிடுவதே நல்லது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, பன்றி எல்லாம் கொஞ்சமாக, எப்போதாவது. இறால், நண்டும் அப்படியே. கோழி அளவோடு சாப்பிடலாம், முட்டையில் பயமே இல்லை.

ஒன்றை மறைக்கக்கூடாது. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டால் மட்டும் யூரிக் அமிலம் பெரும்பாலும் 1 மில்லிகிராம் அளவுதான் இறங்கும். கவுட் உள்ளவருக்கு 6க்குக் கீழே கொண்டுவர வேண்டும். 9இல் நிற்கிறவர் ஈரலை விட்டால் மட்டும் போதாது, அலோபியூரினோல் போன்ற மாத்திரை வேண்டியிருக்கும். அதை டொக்டர் சொல்லாமல் தொடங்கவும் கூடாது, வீக்கம் வந்த நேரம் பார்த்து நிறுத்தவும் கூடாது.

பியர்தான் ஆகாதாம், சாராயம் பரவாயில்லையாம். உண்மையா?

இதைக் கேட்கிறவர் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார் என்று முகத்திலேயே தெரியும். பியர் மோசம் என்பது உண்மை. அதில் பியூரினும் உண்டு, மதுவும் உண்டு, இரண்டு பக்கமும் அடிக்கும். சாராயத்தில் பியூரின் இல்லாவிட்டாலும், மது உடம்பில் யூரிக் அமிலத்தைக் கூட்டி, சிறுநீரகம் அதை வெளியேற்றுவதையும் தடுக்கிறது. ஆகவே சாராயமும் கவுட்டைக் கிளப்பும். கள்ளில் பியூரின் உள்ள ஈஸ்ட்டும் இருக்கிறது, மதுவும் இருக்கிறது.

கசிப்பு என்கிற கள்ளச்சாராயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் பழைய ரேடியேட்டர்களை வைத்து வடித்த கள்ளச்சாராயம் குடித்தவர்களுக்கு ஈயம் உடம்பில் சேர்ந்து, சிறுநீரகம் கெட்டு, கவுட் வந்தது. எதில் வடித்தார்கள் என்று தெரியாத சரக்கு எங்கேயும் அப்படித்தான்.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் குடிக்கிறவருக்கு மது வேறு விதமான ஆபத்து. இரண்டும் ஈரலைத்தான் தாக்கும்.

பருப்பு வாயு, மூட்டுல போய் நிக்கும்னு மாமியார் சொல்றாங்க. ஒரு வருஷமா பருப்பே சேக்கிறதில்ல.

இந்தப் பதிலைத்தான் நான் அதிகத் தடவை சொல்லியிருக்கிறேன். பருப்பைத் திரும்பவும் அடுப்பில் வையுங்கள்.

வயிற்றில் வாயு வருவது உண்மை. அது குடலில் உண்டாகிக் குடல் வழியே போய்விடும். முழங்காலுக்குப் போக வழி இல்லை. நாட்டு வைத்தியத்தில் வாதம் என்று சொல்வது வேறொரு கணக்கு. அதையும் வயிற்று வாயுவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டோம்.

பருப்பில் பியூரின் இருக்கிறதே என்று ஒருவர் ரிப்போர்ட்டோடு வந்து வாதாடினார். இருக்கிறது. அமெரிக்காவில் 47,000க்கு மேற்பட்ட ஆண்களை 12 வருஷம் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் அதிகம் வந்தது. பியூரின் உள்ள மரக்கறி, பயறு வகை சாப்பிட்டவர்களுக்கு அப்படி வரவில்லை. பால் வகை, அதிலும் கொழுப்புக் குறைந்தது, சாப்பிட்டவர்களுக்குக் குறைவாகவே வந்தது. செடியில் உள்ள பியூரின் இறைச்சியில் உள்ளதைப் போல நடந்துகொள்வதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. காலையில் ரொட்டி, மத்தியானம் தேயிலை மலையில் ரொட்டி, ராத்திரி சோறு என்று போகிற வீட்டில் புரதம் என்று இருப்பதே அந்த ஒரு கரண்டி மைசூர்ப் பருப்புதான். அதையும் நிறுத்திவிட்டால் தொடைத் தசை வற்றும். முழங்காலைத் தாங்குவது அந்தத் தசை. பருப்பை விட்ட பெண்ணுக்கு நோவு கூடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சோயா மீட்டுக்கும் இதே பதில். அதோடு வருகிற மசாலாப் பக்கெட்டில் உப்பு அதிகம், அதை மட்டும் பாதியாகக் குறையுங்கள்.

உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரிக்காய்?

நுவரெலியாவிலும் வெலிமடையிலும் கிழங்கு போட்டுப் பிழைக்கிறவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டால் அழுவார்கள். இந்த மூன்றும் ஒரே செடிக் குடும்பம். அவற்றில் சொலனின் என்றொரு பொருள் இருக்கிறது, அது மூட்டைக் கெடுக்கும் என்று வெளிநாட்டில் கிளம்பிய பேச்சு, இப்போது போனில் சுற்றுகிறது. அப்படி நடக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பச்சை பிடித்த, முளைவிட்ட கிழங்கில் சொலனின் கூடுதல் என்பது மட்டும் உண்மை. அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டும், அது மூட்டு நோவுள்ளவருக்கு மட்டும் அல்ல, எல்லாருக்கும்.

தயிர், வாழைப்பழம், இளநீர் எல்லாம் குளிர்மை. மழை நாளுல சாப்பிட்டா நோவு கூடுமா?

மழை நாளில் நோவு கூடினால் அது அந்தக் குளிரினாலும் ஈரத்தினாலும் இருக்கலாம். அன்றைக்குத் தயிர் சாப்பிட்டிருந்தால் பழி தயிருக்குப் போகிறது. கவுட் உள்ளவருக்குத் தயிர் உதவி என்றே சொல்லலாம். ஐஸ் போட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சாதாரணச் சூட்டில் சாப்பிடுங்கள்.

புளிக்கும் இதே கதைதான். தேசிக்காய், புளி, தக்காளி எல்லாம் எலும்பை அரிக்கும் என்று சொல்வார்கள். அரிக்காது. விற்றமின் சி யூரிக் அமிலத்தைச் சிறிது குறைக்கவே செய்யும். சிறுநீரக நோய்க்காக டொக்டர் பொட்டாசியம் குறைக்கச் சொன்னவர்கள் மட்டும் இளநீரையும் வாழைப்பழத்தையும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேத்தண்ணி குடிக்கலாமா? அதையும் நிறுத்தச் சொல்லாதீங்க.

சொல்ல மாட்டேன். தேயிலையால் மூட்டு நோவு கூடுவதாகத் தெரியவில்லை. பிளேன்டீயும் ஆகும், பால்மா போட்டதும் ஆகும். கோப்பி குடிக்கிறவர்களுக்குக் கவுட் சற்றுக் குறைவாக வருகிறது என்றுகூட ஆய்வுகள் உண்டு. என் சண்டை சீனியோடுதான்.

கணக்குப் போடுவோம். விடிய ஒன்று, மலைக்குப் போகும்போது ஒன்று, பத்து மணிக்கு, மத்தியானம், வேலை விட்டு வந்து ஒன்று. ஐந்து கோப்பை. கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி. கரண்டிக்கு 4 கிராம் வைத்தாலும் 60 கிராம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராமுக்கு மேல் வேண்டாம், 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தேத்தண்ணியிலேயே அளவு தாண்டிவிட்டது. பணிஸும் பிஸ்கட்டும் இன்னும் கணக்கில் வரவில்லை.

சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ். பிரக்டோஸ் ஈரலில் உடையும்போது யூரிக் அமிலம் உண்டாகும். இறைச்சியே தொடாதவருக்கும் கவுட் வருவதற்கு இது ஒரு வழி. தேய்வு உள்ளவருக்கோ சீனி எடையாகி முழங்காலில் உட்காரும். கித்துள் கருப்பட்டி என்றால் பாதகமில்லை என்று நினைக்க வேண்டாம். வாசனை வேறு, உடம்புக்குள் போன பிறகு அதுவும் ஏறக்குறைய சீனிதான். டின் பாலும் அந்தக் கூட்டம்.

ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும், எங்கள் அம்மாவிடம் பார்த்துவிட்டேன். வாரத்துக்குக் கால் கரண்டி குறைத்தோம். இன்னொரு வழி, பழைய ஆட்கள் செய்கிற மாதிரி சீனியைக் கோப்பையில் போடாமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிப்பது. கையில் பார்க்கும்போது எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும். அம்மாவுக்கு அது வேலை செய்தது.

இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை குடிக்கிறவர்கள் மட்டும் சோற்றோடும் மாத்திரையோடும் தேத்தண்ணியைச் சேர்க்காதீர்கள். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

சோடா, ஜிஞ்சர் பியர்?

பெயரில்தான் பியர், மது இல்லை. ஆனால் சீனித் தண்ணீர். முன்னே சொன்ன அந்த ஆண்களின் கூட்டத்திலேயே, நாளுக்கு இரண்டு தடவையோ அதற்கு மேலோ சீனி போட்ட சோடா குடித்தவர்களுக்குக் கவுட் வரும் வாய்ப்பு 85 வீதம் கூடியிருந்தது என்று 2008இல் வெளியிட்டார்கள். கல்யாண வீட்டில் ஒரு கிளாஸ் பரவாயில்லை. வீட்டில் போத்தல் வாங்கி வைக்க வேண்டாம்.

காலுக்குக் கால்தான் மருந்துன்னு ஆட்டுக்கால் சூப் வச்சுக் குடுக்கிறோம்.

அப்பாவுக்கு அந்தப் பெருவிரல் வீங்கிக் கிடந்தபோது பெரியத்தை ஒரு கிழமை விடாமல் ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தார். அன்புதான். ஆனால் எலும்பையும் இறைச்சியையும் நேரம் கழித்து அவிக்கும்போது பியூரின் தண்ணீரில் இறங்கிவிடும். சூப்பாகக் குடிப்பது அந்தத் தண்ணீரை. கவுட் உள்ளவருக்கு இறைச்சித் துண்டைவிட அந்தத் தண்ணீர்தான் கூடுதல் ஆபத்து. தேய்வு உள்ளவருக்குக் கெடுதல் இல்லை. ஆனால் குடித்த சூப் நேரே போய் முழங்காலில் குருத்தெலும்பாக ஒட்டிக்கொள்ளாது.

இதோடு மார்மைட்டையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. உடம்பு சரியில்லை என்றால் சுடுதண்ணியில் மார்மைட் கரைத்து, தேசிக்காய் பிழிந்து கொடுப்பது நம் வழக்கம். அது ஈஸ்ட் சாறு. பியூரினும் அதிகம், உப்பும் அதிகம். கவுட் வீக்கம் இருக்கும்போது அந்தக் கோப்பையை எடுத்து வையுங்கள். மற்றவர்கள் குடிக்கலாம்.

டின் மீன் நல்லதா கெட்டதா? ஒரு டொக்டர் சாப்பிடச் சொல்றார், இன்னொருத்தர் வேணாங்கிறார்.

இரண்டு பேரும் சரி. எங்கள் வீட்டுச் சட்டியில் இந்தச் சண்டை நேராகவே நடந்தது. டின் மீன், சாளை போன்ற எண்ணெய்ப் பிடிப்பான மீனில் ஒமேகா 3 இருக்கிறது. முடக்குவாதத்தில் விறைப்பையும் நோவையும் அது கொஞ்சம் குறைக்கும், ஆகவே சின்னம்மாவுக்கு நல்லது. அதே மீனில் பியூரின் அதிகம், ஆகவே அப்பாவுக்குக் கூடாது. ஒரே குழம்பு வைத்து, அப்பாவுக்கு மட்டும் முட்டை அவித்து வைப்போம். அவர் முறைப்பார்.

நெத்தலியும் அப்பா பக்கத்துக் கணக்குதான். கருவாட்டில் உப்பும் சேர்ந்துவிடுகிறது. நாளுக்கு 5 கிராம், அதாவது தேக்கரண்டி அளவு உப்புதான் ஒருவருக்குப் போதும். நோவு மாத்திரையும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்ட் மாத்திரையும் உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைத்து பிரஷரைக் கூட்டக்கூடியவை. அதோடு கருவாடும் கட்டைச் சம்பலும் தினமும் என்றால் கால் வீங்கும். அந்த வீக்கத்தையும் வாதம் என்றே நினைத்து இன்னொரு மாத்திரை வாங்க வருவார்கள். கருவாட்டைச் சுடுதண்ணியில் ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் உப்புக் கொஞ்சம் குறையும்.

கோதுமை மாவுதான் வாதத்துக்குக் காரணம்னு போன்ல ஒரு வீடியோ வந்துச்சு. ரொட்டிய விட்டா நாங்க எதைச் சாப்பிடறது?

செலியாக் என்ற குடல் நோய் உள்ளவர்கள் கோதுமையை முழுதாக விட வேண்டும். மற்றவர்களுக்கு அந்த வீடியோவில் விஷயம் இல்லை. ரொட்டியில் சிக்கல் அளவில் இருக்கிறது. இரண்டு தடித்த தேங்காய் ரொட்டி, சம்பல், மேலே இனிப்புத் தேத்தண்ணி. மலையில் நாள் முழுக்க நடந்த காலத்தில் அது எரிந்துபோனது. வேலையிலிருந்து நின்று வீட்டோடு இருக்கிற அம்மாமாரும் அதே இரண்டு ரொட்டியைத்தான் சாப்பிடுகிறார்கள்.

முழங்கால் தேய்வுள்ளவர் 1 கிலோ எடை குறைத்தால், நடக்கிற ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழுகிற பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. தைலம் எதுவும் இதைச் செய்யாது. ஒரு ரொட்டியைக் குறைத்து அந்த இடத்தில் ஒரு கரண்டி பருப்பும் இரண்டு கரண்டி கீரையும் வையுங்கள். பாதிக்குப் பாதி குரக்கன் மா கலந்து சுட்டாலும் நல்லது, வயிறு சீக்கிரம் நிரம்பும். கடை ரோல்ஸ், பொரித்த வடை, மாஜரின் தடவிய பணிஸ் இவற்றைத் தினசரிச் சாப்பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நோவு மாத்திரையோட எதைச் சேத்துக்கக்கூடாது?

எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி, கேட்கிறவர்கள் குறைவு.

டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் இரண்டையும் வெறும் வயிற்றில் குடிக்கக்கூடாது. விடியற்காலை பிளேன்டீயோடு போட்டுக்கொண்டு மலைக்கு ஓடுவது வயிற்றுப் புண்ணுக்கு நேர்வழி. மதுவோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு வரை போகும். மலம் தார் மாதிரிக் கறுத்துப் போனால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள் இவற்றைக் கேட்காமல் வாங்கவே கூடாது.

பெனடோல், அதாவது பரசிட்டமோல், 500 மில்லிகிராம் என்றால் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. எடை குறைந்தவர்களுக்கும் மது குடிக்கிறவர்களுக்கும் அதைவிடக் குறைவு. தடிமனுக்கு வாங்கிய மாத்திரையிலும் அதே மருந்து இருக்கலாம், சேர்த்து எண்ணுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு தடவை குடிக்கும் மருந்து. நோவு கூட என்று தினமும் குடித்தால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று பெட்டியில் பெரிதாக எழுதி ஒட்டிக் கொடுப்பேன், படிக்கத் தெரியாதவர்களுக்குக் கோயில் கிழமையைச் சொல்லி நினைவு வைப்பேன்.

பிரஷருக்குக் கொடுக்கிற சில நீர் மாத்திரைகளும் யூரிக் அமிலத்தைக் கூட்டும். அதற்காக நீங்களே நிறுத்த வேண்டாம். கிளினிக்கில் சொன்னால் மாற்றித் தர வேறு மருந்து இருக்கிறது.

மஞ்சள், முடக்கொத்தான், காமரங்கா ஜூஸ் இதெல்லாம்?

முடக்கொத்தானை ரசமாக, தோசையாகச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. மருந்தை நிறுத்திவிட்டு அதை மட்டும் நம்ப வேண்டாம். மஞ்சளில் உள்ள குர்குமினுக்கு முழங்கால் நோவைச் சற்றுக் குறைக்கும் குணம் உண்டு என்று சிறு ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் அவற்றில் கொடுத்தது கறியில் போடுகிற அளவைவிடப் பல மடங்கு. இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுக்கிறவர்கள் அந்த அளவில் தொடக்கூடாது. 2020இல் இறக்குமதியை நிறுத்தி மஞ்சள் விலை ஏறியபோது மாக் கலந்த மஞ்சளெல்லாம் கடைக்கு வந்ததே, அதை வைத்து என்ன வைத்தியம் பார்ப்பது?

காமரங்காவில் (நட்சத்திரப் பழம்) மட்டும் கவனமாக இருங்கள். யூரிக் அமிலத்துக்கு நல்லது, சீனி வியாதிக்கு நல்லது என்று வெறும் வயிற்றில் கிளாஸ் கிளாஸாகக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் இலங்கையிலேயே இருக்கிறார்கள். சிறுநீரகத்தில் படிந்து அதைக் கெடுக்கும் ஒக்சலேட் அதில் அதிகம். சிறுநீரக நோயுள்ளவர் பழமாகக்கூடத் தொடக்கூடாது.

பஸ் நிலையத்தில் விற்கிற, பெயரில்லாத வாதப் பொடி இரண்டே நாளில் சுகம் தந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்ட் கலந்திருந்தால் அவ்வளவு வேகமாக வேலை செய்யும்.

தண்ணி எவ்வளவு குடிக்கணும்?

மலையில் கழிவறை இல்லை என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் கொழுந்து பறிக்கிற பெண்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். சிறுநீர்க் கடுப்புக்கு மருந்து வாங்க என்னிடம்தானே வருகிறார்கள். தண்ணீர் குறைந்தால் யூரிக் அமிலம் தேங்கும், நோவு மாத்திரை சிறுநீரகத்தை இன்னும் வருத்தும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிற அளவுக்குக் குடிக்க வேண்டும். ஆனால் மலையில் ஒரு கழிவறை கட்டாமல் இந்தப் புத்திமதியை அவர்களிடம் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

விரதம் இருந்தா நோவு குறையுமா?

கவுட் உள்ளவருக்கு முழுப் பட்டினி எதிர்மாறாக வேலை செய்யும். பட்டினியில் உடம்பு உண்டாக்கும் சில அமிலங்கள் யூரிக் அமிலத்தை வெளியேற விடாது. திருவிழாவுக்கு மாமிசம் விட்டு மரக்கறிச் சாப்பாடு சாப்பிடும் விரதம் நல்லது. தண்ணீர் மட்டும் எப்போதும் விட வேண்டாம்.

வெத்தில?

வெற்றிலையால் மூட்டு நோகாது. பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுக்கு வழி, அதற்காக விடுங்கள். பீடி, சிகரெட் முடக்குவாதம் வரும் வாய்ப்பையும் கூட்டும், வந்த பிறகு நோயையும் முற்றச் செய்யும்.

ரிப்போர்ட்ல யூரிக் அமிலம் 7.5ன்னு இருக்கு. நோவே இல்ல. நான் எதை நிறுத்தணும்?

நோவில்லாமல் எண் மட்டும் கூடியிருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களில் பெரும்பாலானோருக்குக் கவுட் வருவதே இல்லை, மாத்திரையும் வேண்டாம். மதுவையும் சீனியையும் குறைத்துக்கொள்ளுங்கள், போதும். இதற்கு எதிர்மாறாக, பெருவிரல் வீங்கிக் கிடக்கும்போது எடுத்த இரத்தத்தில் யூரிக் அமிலம் சரியாகவே காட்டலாம். அதை வைத்து கவுட் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. வீக்கம் வற்றி இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள்.

எல்லாம் சரி மிஸ், எனக்கு மட்டும் ஒரு சாப்பாடு ஒத்துக்கலைன்னா?

இருக்கலாம், உடம்புக்கு உடம்பு வித்தியாசம் உண்டு. பரீட்சை பண்ணிப் பாருங்கள். சந்தேகப்படுகிற ஒரே ஒரு சாப்பாட்டை மூன்று நான்கு வாரம் முழுதாக விடுங்கள், அப்புறம் திரும்பச் சேருங்கள். தினமும் நோவுக்குப் பத்தில் எத்தனை என்று பிள்ளையின் பழைய கொப்பியில் எழுதி வையுங்கள். அன்றைக்கு மழையா, என்ன வேலை செய்தீர்கள், மாத்திரை குடித்தீர்களா என்பதும் பக்கத்தில் இருக்கட்டும். அந்தக் கொப்பியைக் கிளினிக்குக்கும் கொண்டுபோங்கள்.

சின்னம்மா கத்தரிக்காயைத்தான் சந்தேகப்பட்டார். இரண்டு மாதம் கொப்பியில் எழுதினோம். கத்தரிக்காய் சமைத்த நாளுக்கும் நோவுக்கும் பொருத்தமே இல்லை. நோவு எட்டு, ஒன்பது என்று ஏறிய நாளெல்லாம் தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் போர்வை துவைத்ததற்கு மறுநாள். இப்போது போர்வை துவைப்பது சித்தப்பா. கத்தரிக்காய் பழையபடி சட்டிக்கு வந்துவிட்டது.